இணையக் கால்வாய்கள் – 9: ஒரு புள்ளி குறைந்த கோப்பு

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. எல்லா வருஷமும் அது வாய்ப்பதில்லை. ஆனாலும் தேதி என்னவோ அதுதான். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாளாகும். அதற்கு முன்பே, ஏப்ரல், மே வெயிலில், தஞ்சாவூர்ப் பக்கம் பொக்லைன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். ஆற்றில், வாய்க்காலில், சி, டி பிரிவு வாய்க்கால்வரை தூர்வாரல். மதகுகளில் ஷட்டர் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், கிரீஸ் போடுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். வேலை சரியாக நடந்ததா என்ற சண்டை தனி. எல்லாமே தண்ணீர் வருமுன் முடிய வேண்டும் என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை. தண்ணீர் தலைப்புக்கு வந்த பிறகு ஷட்டர் ஏறவில்லை என்று கண்டுபிடித்தால் கடைமடைக்காரர் யாரிடம் போய் முறையிடுவார்?

இணையத்தின் பெயர் முறையான டிஎன்எஸ் கிட்டத்தட்ட இந்தப் பாசன முறையேதான். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிகிறது; மிஞ்சியது கொள்ளிடத்துக்கு. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிடுகிறது. நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. முத்துப்பேட்டை வயல் யாருடையது என்று கல்லணையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்த தலைப்பு எது என்று தெரிந்தால் போதும். அதேபோல, தஞ்சாவூர் மாவட்ட நிர்வாகத்தின் தளத்தை (தஞ்சாவூர்.நிக்.இன்) நீங்கள் கேட்டால், உச்சியில் உள்ள ரூட் சர்வருக்கு அந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. “இன்னா? அதை நிக்ஸியின் சர்வர்களிடம் கேள்” என்று கைகாட்டும். இன் பதிவகத்தை 2005 முதல் நடத்துவது நிக்ஸி. அங்கே கேட்டால், “நிக்.இன் தேசியத் தகவலியல் மையத்தின் பொறுப்பு, அவர்களிடம் போ” என்று பதில் வரும். கடைசி மடையில்தான் எண் முகவரி கிடைக்கும்.

ஒவ்வொரு தலைப்பிலும் இருப்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஸோன் ஃபைல் என்பார்கள். பால் மொக்கபெட்ரிஸ் 1983-ல் இந்த முறையை வடிவமைத்தார்; 1987-ல் வெளியான ஆர்எஃப்சி 1034, 1035 ஆகிய இரண்டு ஆவணங்கள் இன்றும் அதன் அடிப்படை. நோட்பேடில் திறந்து திருத்தக்கூடிய கோப்புதான். அதில்தான் சிக்கலும்.

அந்தக் கோப்பின் இலக்கணத்தில் ஒரு சிறு விதி உண்டு. பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் அது முழுப்பெயர். வைக்காவிட்டால், ‘இது பாதிப் பெயர், மீதியை நானே சேர்த்துக்கொள்கிறேன்’ என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். ஒரு கல்லூரியின் பெயர் கல்லூரி.ஏசி.இன் என்று வைத்துக்கொள்வோம். அதன் கோப்பில் அஞ்சல் சர்வரை மெயில்.கல்லூரி.ஏசி.இன் என்று புள்ளி இல்லாமல் எழுதினால், உலகத்துக்குப் போய்ச் சேரும் பெயர் மெயில்.கல்லூரி.ஏசி.இன்.கல்லூரி.ஏசி.இன். அப்படி ஒரு கணினி எங்கும் கிடையாது. அஞ்சல் நின்றுபோகும்.

சின்னக் கல்லூரியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் செய்யும் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2009 அக்டோபர் 12 இரவு, ஸ்வீடன் நாட்டின் எஸ்இ என்ற உச்சப் பெயருக்கான ஸோன் கோப்பிலேயே இது நடந்தது. கோப்பைத் தயாரிக்கும் நிரலில் ஒரு மாற்றம் செய்தார்கள்; அந்த மாற்றத்தில் கடைசிப் புள்ளி விடுபட்டது. கோப்பிலிருந்த பெயர் சர்வர்களுக்கெல்லாம் பின்னால் இன்னொரு எஸ்இ ஒட்டிக்கொண்டது. சுமார் 9 லட்சம் தளங்களைக் கொண்ட ஒரு நாட்டின் பெயர்வெளி, ஒரே பதிப்பில் முகவரி இழந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் திருத்திய கோப்பை ஏற்றிவிட்டார்கள். ஆனால் தலைப்பில் ஷட்டரைச் சரி செய்த உடனே வாய்க்காலில் ஓடும் தண்ணீர் மாறிவிடுவதில்லை. இணைய நிறுவனங்களின் சர்வர்கள் தவறான பதிலை வாங்கித் தங்கள் நினைவில் வைத்துவிட்டன. ஒவ்வொரு பதிவோடும் இத்தனை விநாடி வைத்திருக்கலாம் என்று ஒரு கெடு போகும். 86400 என்று எழுதியிருந்தால் முழுதாக ஒரு நாள். நினைவைக் கையால் துடைத்தவர்களின் வாடிக்கையாளர்களுக்குச் சீக்கிரம் விடிந்தது, மற்றவர்கள் கெடு தீரும்வரை காத்திருந்தார்கள்.

அந்தக் கோப்பில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். புள்ளி இல்லாத பெயரும் விதிப்படி சரியான பெயர்தான். எழுதியவர் நினைத்தது அதுவல்ல, அவ்வளவே.

அதற்கு 12 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இன்னும் மோசம். 1997 ஜூலை 17 அதிகாலை, காம், நெட் பெயர்களை அப்போது நிர்வகித்துவந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தில் தரவுத்தளக் கோளாறால் சிதைந்த கோப்பு ஒன்று தயாரானது. சோதனை முறை அங்கே இருந்தது. தன் வேலையையும் செய்தது. எச்சரிக்கை மணி அடித்தது. பணியிலிருந்தவர் அதைப் பொருட்படுத்தாமல் கோப்பை வெளியிட்டுவிட்டார். சோதனைக் கருவியை வாங்கி வைப்பது எளிது. அது ‘வேண்டாம்’ என்று சொன்னால் கோப்பு நகரவே முடியாதபடி கட்டிவைப்பதில்தான் நிர்வாகத்தின் லட்சணம் தெரியும். என் பார்வையில், மனிதர் மனம்வைத்தால் தாண்டிப் போகக்கூடிய எச்சரிக்கை, எச்சரிக்கையே அல்ல.

2010 மே 12-ல் ஜெர்மனியின் டிஇ பெயருக்கு வேறு விதமான விபத்து. கோப்பைச் சர்வர்களுக்கு நகலெடுக்கும்போது வேலை பாதியில் அறுந்தது. அறுந்த கோப்பே பல சர்வர்களில் ஏறிவிட்டது. கோப்பில் இல்லாத பெயர்களைக் கேட்டவர்களுக்கு, ‘அப்படி ஒரு பெயரே கிடையாது’ என்று சர்வர்கள் உறுதியாகப் பதில் சொல்லின. பதிலே வராதிருந்தால்கூடப் பரவாயில்லை. அஞ்சல் சர்வர்கள் பிறகு பார்ப்போம் என்று கடிதத்தை வைத்திருக்கும். ‘பெயரே இல்லை’ என்றால் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். முந்தைய கோப்பில் எத்தனை வரி, இதில் எத்தனை வரி என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சிறு சோதனை, ஏற்றுமிடத்தில் குறுக்கே நின்றிருந்தால் போதும்.

சரி, நம் ஊர்க் கோப்புகளுக்கு வருவோம். பைண்ட் என்ற பெயர் சர்வர் மென்பொருள்தான் நெடுங்காலமாகப் பரவலாக இருப்பது. அதோடு நேம்ட்-செக்ஸோன் என்ற சிறு கருவி இலவசமாகவே வருகிறது. டொமைன் பெயரையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால் படித்துப் பார்த்துச் சொல்லும். 256 என்ற எண் ஐபி முகவரியில் வந்துவிட்டதா, அடைப்புக்குறி மூடப்படவில்லையா, சிநேம் என்ற மாற்றுப்பெயர் பதிவு இருக்கும் இடத்தில் வேறு பதிவையும் வைத்திருக்கிறோமா என்பதெல்லாம் பிடிபடும். பெயர் சர்வர் என்று நாம் குறித்த பெயருக்கு முகவரி இல்லையென்றாலும் சொல்லிவிடும். ஆகவே பெயர் சர்வர் வரியில் புள்ளி விட்டால் பெரும்பாலும் அகப்படும். மாற்றுப்பெயர் வரியில் விட்டால் தப்பித்துவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. இதே கருவியைப் பெரிய எழுத்து டி குறியோடு ஓட்டினால், சர்வர் புரிந்துகொண்டபடி முழுப் பெயர்களையும் விரித்துக் காட்டும். ஏசி.இன்.கல்லூரி.ஏசி.இன் என்று இரட்டித்த வரி கண்ணில் குத்தும். நான் யோசனை கேட்பவர்களிடமெல்லாம் முதலில் சொல்வது இந்த ஒரு எழுத்தைத்தான்.

அடுத்தது வரிசை எண். கோப்பின் தலையில் உள்ள எஸ்ஓஏ பதிவில் ஓர் எண் இருக்கும். திருத்தும்போதெல்லாம் அதை ஏற்ற வேண்டும். ஏறினால்தான் துணைச் சர்வர்கள் புதுக் கோப்பை வாங்கிக்கொள்ளும். வருஷம், மாதம், தேதி, அன்றைய எத்தனையாவது திருத்தம் என்று 2025061201 போல எழுதுவது பலரின் வழக்கம். ஏற்ற மறந்தால், முதன்மைச் சர்வர் புதிய பதிலும் துணைச் சர்வர் பழைய பதிலும் சொல்லிக்கொண்டிருக்கும். ஒருவருக்குத் தளம் திறக்கும், அடுத்த மேசைக்காரருக்குத் திறக்காது. கை தவறி 2025-க்குப் பதில் 2052 என்று அடித்துவிட்டால் கதை வேறு. கருவி ‘ஓகே’ என்றுதான் சொல்லும், ஏனென்றால் அதுவும் செல்லுபடியாகும் எண்தான். மறுநாள் சரியான எண்ணைப் போட்டால், இது பழைய கோப்பு என்று துணைச் சர்வர்கள் ஒதுக்கிவிடும். எண்ணை 2147483647 அளவு கூட்டி, சுற்றவைத்து, எல்லாச் சர்வரும் வாங்கிக்கொள்ளும்வரை பொறுத்து, பிறகு வேண்டிய எண்ணுக்கு இறங்க வேண்டும். ஆர்எஃப்சி 1982 சொல்லும் கணக்கு அது.

டெல்டாக்காரர்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று. பிழையுள்ள கோப்பை மறு ஏற்றம் செய்தால், பைண்ட் பதிவேட்டில் ஒரு வரி முனகிவிட்டு, நினைவிலுள்ள பழைய நல்ல கோப்பையே தொடர்ந்து பயன்படுத்தும். வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். பதிவேட்டை யாரும் திறந்து பார்க்கவில்லையென்றால் பிழை மாதக்கணக்கில் உறங்கும். ஒருநாள் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் இறங்கி, சர்வர் மீண்டும் எழும்போது நினைவில் ஒன்றும் இருக்காது. பிழையுள்ள கோப்பு ஏறாது. துணைச் சர்வர் வேறு ஊரில் இருந்தால் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். எஸ்ஓஏ பதிவிலுள்ள காலாவதிக் கெடு 604800 என்றிருந்தால் ஒரு வாரம். அதற்குப் பிறகு அதுவும் கைவிரிக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபின் எத்தனை ஊர்களில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பது இந்தப் பக்கத்தவர்களுக்கு நினைவிருக்கும். யார் எப்போது என்ன திருத்தினார் என்று அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பெயரே மாறும்போதும் இதே கவனம் வேண்டும். தஞ்சாவூரில் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக இருந்த நிறுவனம் பயிர் பதனத் தொழில்நுட்பக் கழகமாகி, உணவு பதனத் தொழில்நுட்பக் கழகமாகி, 2021-ல் நிஃப்டெம் தஞ்சாவூர் ஆனது. பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் வலைப்பெயரும் மாறியது. இப்படிப்பட்ட மாற்றத்துக்கு முன், பழைய பதிவுகளின் நினைவுக் கெடுவை ஒரு நாளிலிருந்து ஐந்து நிமிடமாகக் குறைத்து, பழைய கெடு தீர்ந்தபின் மாற்றுவதுதான் தெரிந்தவர்களின் வழக்கம். பிழை வந்தாலும் ஐந்து நிமிடத்தில் பின்வாங்கலாம்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குக் கூடுதல் தொல்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் மூன்றுக்கும் தமிழ் எழுத்தில் உச்சப் பெயர்கள் உண்டு. ஆனால் ஸோன் கோப்பில் அவை தமிழாக உட்காருவதில்லை. எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு சிறு கோடுகளோடு நீளும் ரோமன் எழுத்துக் குவியலாக மாறிவிடும். அதில் ஓர் எழுத்து பிசகினால் தமிழ்ப் புலவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஔவை என்பதை ஔ என்ற ஒரே எழுத்தால் தொடங்கலாம்; ஒ, ள என்று இரண்டு எழுத்தை அடுத்தடுத்துத் தட்டியும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். டிஎன்எஸ்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். 2007 அக்டோபரில் ஐகேன் அமைப்பு 11 மொழிப் பெயர்களைச் சோதனைக்காக ரூட் கோப்பிலேயே சேர்த்தபோது, தமிழுக்கு வைத்த பெயர் ‘உதாரணம்.பரிட்சை’. பரீட்சை என்று நெடிலோடு எழுதுவதே அகராதி வழக்கு. உலகத்தின் மிகக் கவனமாகச் சோதிக்கப்படும் கோப்பில், சோதனை என்று பொருள்படும் சொல்லே அப்படிச் சில ஆண்டுகள் இருந்தது. எந்தக் கருவியும் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

ஆகவே கருவி ஒரு பாதி, கண் ஒரு பாதி. கருவி பிழை சொன்னால் மறு ஏற்றக் கட்டளையே ஓடாதபடி இரண்டையும் ஒரே நிரலில் பிணைத்துவிடுங்கள். கருவி ‘ஓகே’ சொன்ன பிறகு, பழைய கோப்புக்கும் புதியதுக்கும் என்ன வேறுபாடு என்பதைத் திருத்தாத இன்னொருவர் படிக்கட்டும். கல்லூரியிலோ கூட்டுறவு வங்கியிலோ இந்தக் கோப்பைப் பார்த்துக்கொள்ளும் யாராவது இதைப் படித்தால், இன்று மாலையே அதன் நகல் ஒன்றை நேம்ட்-செக்ஸோனில் ஓட்டிப் பாருங்கள். உபுண்டுவில் பைண்ட்9-யூட்டில்ஸ் பொதியில் இருக்கிறது. ஓடும் சர்வரைத் தொடவே வேண்டாம்.

அடுத்த வாரம்: பெயர்களுக்கு முத்திரை வைக்கும் டிஎன்எஸ்செக்.