யாழ்ப்பாணம் 43 நிமிடத் தூரமா, அரை நாள் தூரமா?

சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வரை பறக்கும். வகுத்துப் பார்த்தால் 43 நிமிடம். பயணச்சீட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் என்று இருக்கும். 2006 முதல் இலங்கையின் கடிகாரமும் நம்முடையதும் ஒன்றே என்பதால், இதில் நேர வித்தியாசக் குழப்பமும் இல்லை. சீட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல என்பதுதான் காரணம். சென்னையில் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததும் கணக்கு தொடங்கிவிடுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருப்பது, குறைந்த வேகத்தில் மேலே ஏறுவது, முழு வேகத்தை எட்டிய கொஞ்ச நேரத்திலேயே மறுபடி வேகம் குறைத்து இறங்குவது, பலாலியில் ஓடுபாதைக்கு நேராகத் திரும்புவது எல்லாம் அதற்குள் அடக்கம். சுமார் 2,900 கிலோமீட்டர் போகும் சிங்கப்பூர் விமானத்துக்கும் இந்தச் செலவு உண்டு. நாலு மணி நேரப் பயணத்தில் அது கண்ணில் படுவதில்லை.

தாமதம் என்ற பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் நேரத்தைக் கூட்டிப் போடுகின்றன என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால், நெரிசலுக்கும் எதிர்க்காற்றுக்கும் இடம் விடாத அட்டவணையை நம்பிப் போகிறவர்தான் அடுத்த வண்டியைத் தவறவிடுவார். ஜெட் விமானம் விட்டால் போதுமே என்பது இன்னொரு வாதம். மணிக்கு 800 கிலோமீட்டர் என்றே வைத்தாலும் தாளில் மிச்சமாவது 16 நிமிடம். இவ்வளவு குறுகிய தூரத்தில் அந்த வேகத்தில் பறக்கும் பகுதி சிறியது என்பதால், உண்மையில் அதுவும் கிடைக்காது.

உண்மையான லாபம் தரையில்தான் இருக்கிறது. 2019-இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்படும் முன், சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர் அதைத் தாண்டி, சென்னைக்கு 650 கிலோமீட்டர் தெற்கே கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து வடக்கே திரும்பிக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் சாலையில் வர வேண்டியிருந்தது. அந்த முழுநாள் அலைச்சலைத்தான் இந்தச் சிறிய விமானம் ஒழித்தது. இன்றும் இது அரை நாள் பயணம்தான். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருக்கச் சொல்கிறார்கள். இறங்கியபின் குடிவரவு, சுங்கம், பிறகு யாழ் நகருக்குச் சாலைப் பயணம். ஒன்றேகால் மணிப் பறப்பைச் சுற்றி அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நேரம் தரையில் கரைகிறது.

ஆகவே இந்த இரு ஊர்களையும் இன்னும் நெருக்கமாக்க விரும்புகிறவர்கள் விமானத்தின் வேகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. குடிவரவு வரிசை விரைவாக நகர வேண்டும். விமானம் இறங்கும் நேரத்துக்குப் பலாலி வாசலில் நகரப் பேருந்து நிற்க வேண்டும். இரு அரசுகளும் கை வைக்க வேண்டிய இடம் இதுதான்.