களமும் காலமும் – 9: நாலில் ஒரு பங்கு

ஆறுமுகநேரி உப்பளங்களில் பாத்திக்கு நீர் பாய்ச்சுகிறவர் ஒருவர், விளைந்த உப்பை வாருபலகையால் ஒதுக்குகிறவர் வேறொருவர், அதைத் தட்டுமேட்டுக்குச் சுமந்து செல்கிறவர் பின்னும் ஒருவர் என்றிருக்க, குவிந்து நிற்கும் அம்பாரத்தைக் காட்டி இது இன்னாருடைய உழைப்பென்று எவரும் பிரித்துச் சொல்வதில்லை. நானூறு மீட்டர் தொடர் ஓட்டக்காரனுடைய கீர்த்தியும் ஏறத்தாழ அத்தகையதே. லால்குடியில் 1991-ஆம் ஆண்டு பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, முதலில் நீளம் தாண்டுபவராக இருந்து பின்னர் நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு மாறிய ஆரோக்கிய ராஜீவின் சரித்திரம் இதற்கு நல்ல திருஷ்டாந்தம்.

முழுதும் அவருக்கே உரியதென்று சொல்லத்தக்க பதக்கங்களில் முதன்மையானது, 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 45.92 விநாடியில் ஓடிப் பெற்ற வெண்கலம். அதற்குப் பின் அவர் பெயர் பெரும்பாலும் வேறு மூவர் பெயரோடு சேர்ந்தே ஒலித்தது.

1998-இல் பாங்காக்கில் நம்மவர் நிறுவிய 3 நிமிடம் 2.62 விநாடி என்ற தேசிய சாதனை பதினெட்டு ஆண்டுகள் அசையாமல் இருந்தது. அதை 2016 ஜூலையில் பெங்களூரில் குஞ்ஞு முகமது, அனஸ், தருண் அய்யாசாமி, ராஜீவ் ஆகிய நால்வரும் 3 நிமிடம் 0.91 விநாடியாகக் குறைத்து, ரியோ ஒலிம்பிக்குக்கு வழி தேடிக்கொண்டார்கள். ரியோவிலோ தகுதிச் சுற்றிலேயே அந்த அணி தகுதிநீக்கம் செய்யப்பட்டது.

ஜகார்த்தாவில் 2018-இல் நடந்ததுதான் விசித்திரம். ஆடவர் இருவரும் பெண்டிர் இருவரும் ஓடும் கலப்புத் தொடர் ஓட்டத்தில், அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ், ராஜீவ் என்ற வரிசையில் நம் அணி இறங்கியது. கோலைக் கொடுத்துவிட்டுத் தடத்தில் விழுந்த பஹ்ரைன் வீராங்கனை கெமி அடெகோயாவால் ஹிமாவின் ஓட்டம் தடைப்பட்டதென்று நாம் முறையிட்டோம், முறையீடு ஏற்கப்படவில்லை. 3 நிமிடம் 15.71 விநாடியில் கிடைத்த வெள்ளியோடு திரும்பினோம். பின்னர் அதே அடெகோயா ஊக்கமருந்து விவகாரத்தில் தடைக்குள்ளாகவே, பஹ்ரைனின் தங்கம் பறிக்கப்பட்டு, 2020-இல் இந்தியாவின் வெள்ளி தங்கமாயிற்று. ஓடியவர்களுக்கு நியாயம் கிடைத்ததென்பதில் ஐயமில்லை. ஆயினும் மேடையேறித் தேசிய கீதம் கேட்கும் பாக்கியத்தை இரண்டு ஆண்டு கழித்து எந்தச் சங்கத்தாலும் திருப்பித் தர இயலாது. (ஆடவர் தொடர் ஓட்டத்திலும் அதே ஜகார்த்தாவில் அவருக்கு ஒரு வெள்ளி கிடைத்தது. அதில் வழக்கொன்றுமில்லை.)

என்னைக் கேட்டால், அவருடைய ஓட்டங்களில் சிறந்தது பதக்கமே தராத ஒன்று. 2021 ஆகஸ்ட் 6 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் அனஸ், நோவா நிர்மல் டாம், ராஜீவ், அமோஜ் ஜேக்கப் ஆகியோர் 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடிக் கத்தாரின் ஆசிய சாதனையை முறியடித்தார்கள். அவர் ஏற்றது மூன்றாம் சுற்று. முதல் ஓட்டக்காரனுக்குத் தனித் தடம் உண்டு. கடைசி ஓட்டக்காரனுக்கு எல்லைக்கோடும் புகைப்படக்காரர்களும் உண்டு. மூன்றாமவனோ, களைத்து வருகிற தோழனைத் திரும்பிப் பார்த்தபடியே, நெருக்கியடிக்கும் அயல்நாட்டாருக்கிடையில் நின்று கோலை வாங்கி, பிறகு எவருடைய கண்ணிலும் நிலைக்காமல் அதைக் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவன். இறுதிப் போட்டிக்கு எட்டு அணிகள், நம்முடையது ஒன்பதாவது. அதே ஒலிம்பிக்கின் கலப்பு அணியில் ராஜீவோடு ரேவதி வீரமணியும் சுபா வெங்கடேசனும் ஓடியதால், நால்வரில் மூவர் தமிழ்நாட்டாராக இருந்தார்கள் என்பதை நம் பத்திரிகைகள் இன்னும் சற்று உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஆசிய சாதனை பின்னர் ஜப்பானியரிடம் போயிற்று. 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில், அமெரிக்கருக்கு அடுத்தபடியாக 2 நிமிடம் 59.05 விநாடியில் வந்து அதை மீட்ட இந்திய அணியில் ராஜீவ் இல்லை. கடைசிச் சுற்றை ஓடியவர் தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷ். அவரைப் பற்றி அடுத்த இதழில்.