முகம் கெடாமல் இலை பழுக்க

1999 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் பச்சைப் பசேலென்று இருந்தது. படமெடுக்கப் போன இயக்குநர்கள் கோயன் சகோதரர்களுக்கு அந்தப் பச்சைதான் தலைவலி. ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்தின் கதை 1937-ல், பஞ்சம் பிழைக்க வழியில்லாத பெருமந்தக் காலத்தில் நடக்கிறது. காய்ந்த புல்லும் புழுதிச் சாலையும், கையால் சாயம் தீட்டிய பழைய புகைப்படத்தின் மஞ்சளும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கேமராவுக்கு முன்னால் இருந்ததோ செழித்துக் கிடந்த காடும் வயலும்.

ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் முதலில் லேபில்தான் வழி தேடினார். ஃபிலிம் கழுவும்போது ‘ப்ளீச்’ கட்டத்தைத் தாண்டிவிட்டால் வெள்ளி படலத்திலேயே தங்கிவிடும். நிறம் வெளிறும், கறுப்பு அழுத்தமாகும். ‘செவன்’ (1995) படத்தின் சில பிரதிகளில் இருந்த அந்த இருட்டு இப்படி வந்ததுதான். ஆனால் டீக்கின்ஸுக்கு இது உதவவில்லை. லேபில் பிரதி எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிகளை ஒவ்வொன்றும் 50 படிகளுக்குள் கூட்டிக் குறைப்பார்கள். எதைத் தொட்டாலும் அது ஃபிரேம் முழுவதையும் பாதிக்கும். இலையின் பச்சையைக் குறைத்தால், அந்த மரத்தடியில் நிற்கும் நடிகரின் முகம் ஊதா கலந்து நோயாளி முகமாகிவிடும்.

இலை பழுக்க வேண்டும், முகம் கெடக்கூடாது. எடுத்த படத்தின் நிறத்தைச் சீர்செய்யும் கலர் கிரேடிங் என்ற கலையின் மொத்தச் சிக்கலும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

கடைசியில் படத்தின் நெகட்டிவ் முழுவதையும் ஸ்கேன் செய்து கணினிக்குள் கொண்டுபோனார்கள். பச்சையை மட்டும் பிரித்தெடுத்து, காய்ந்த பொன்மஞ்சளாகத் திருப்பினார்கள். சரும நிறம் தனியாகப் பாதுகாக்கப்பட்டது. டீக்கின்ஸ் வாரக்கணக்கில் நிறம் திருத்தும் கலரிஸ்ட்டோடு உட்கார்ந்து வேலை பார்த்தார். பிறகு எல்லாம் மறுபடி ஃபிலிமுக்கே போனது. படம் 2000-ல் வெளியானது, டீக்கின்ஸ் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். ஒரு முழுநீளப் படத்தின் தோற்றத்தையே கணினியில் தீர்மானித்த முன்னோடியாக இந்தப் படத்தைத்தான் சொல்கிறார்கள். கோடம்பாக்கத்தில் இன்று ‘டிஐ’ (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் வேலை இதுவே.

அப்போது அந்தக் கருவிகளைப் பெரிய ஸ்டூடியோக்கள் மட்டுமே வாங்க முடிந்தது. ‘டாவின்சி’ இயந்திரங்களின் விலை லட்சக்கணக்கான டாலர். 2009-ல் பிளாக்மேஜிக் நிறுவனம் டாவின்சியை வாங்கி, மறு ஆண்டே அதை 995 டாலர் மென்பொருளாக்கியது. 2011-ல் இலவசப் பதிப்பும் வந்துவிட்டது. கருவி எல்லோர் கைக்கும் வந்தது. கூடவே அவசரமும் வந்தது. காசு கொடுத்து வாங்கிய ‘லட்’ என்ற ஆயத்த நிறமாற்றக் கோப்பு ஒன்றை எல்லாக் காட்சிக்கும் மாட்டி, நிழலில் நீலப்பச்சை, முகத்தில் ஆரஞ்சு, ‘சினிமாட்டிக் லுக்’ ரெடி என்று முடித்துவிடுகிறார்கள். மனிதச் சருமம் ஆரஞ்சுப் பக்கம் இருப்பதால், அதற்கு எதிர்நிறமான நீலப்பச்சை முகத்தை எடுத்துக்காட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வெளிச்சத்துக்குப் போட்ட கணக்கு இன்னொரு வெளிச்சத்தில் செல்லாது. மாலை வெயிலில் அழகாக இருந்த அதே லட், டியூப்லைட்டும் எல்இடியும் கலந்த கல்யாண மண்டபத்தில் மணப்பெண்ணின் முகத்தில் மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும்.

முகத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. வெக்டர்ஸ்கோப் என்ற வட்ட வரைபடத்தில் சருமத்துக்கென்றே ஒரு கோடு போட்டிருக்கும். ஸ்வீடன்காரரின் முகமானாலும் திருநெல்வேலிக்காரரின் முகமானாலும் நிறம் ஏறத்தாழ அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். தோலுக்கடியில் ஓடும் ரத்தமும், தோலிலுள்ள மெலனினும் எல்லோருக்கும் பொது. வேறுபடுவது வெளிச்ச அளவும் செறிவும்தான்.

இந்தச் சிறு உண்மையை ஃபிலிம் தொழில் வெகுகாலம் மதிக்கவில்லை. கோடாக் நிறுவனம் புகைப்பட லேபுகளுக்கு அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’ எனும் மாதிரி அட்டைகளில் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்கள் அதில் சேற்றுநிறமாகக் கரைந்துபோயின.

‘மூன்லைட்’ (2016) இதற்கு நல்ல மறுமொழி. மயாமியில் வளரும் ஒரு கறுப்பினச் சிறுவனின் மூன்று பருவங்கள் கதை. ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன் டிஜிட்டலில் எடுத்தார். கலரிஸ்ட் அலெக்ஸ் பிக்கெல் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு ஃபிலிமின் குணத்தைக் கொடுத்தார். முதலாவதற்கு ஃபியூஜி, இரண்டாவதற்கு ஆக்ஃபா, மூன்றாவதற்குக் கோடாக். நடிகர்களுக்குப் பவுடர் பூசி மங்கவைக்காமல், எண்ணெய் தடவி மினுங்கவிட்டார்கள். கிரேடிங்கிலும் அந்த முகங்களை வெளுக்கவைக்கவில்லை. நிழல் நிழலாகவே இருக்க, கறுத்த சருமத்தில் பட்ட ஒளி மட்டும் துலங்குகிறது. படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது.

நம் ஊர் வீடியோக்களில் நடப்பதோ வேறு. திருமண வீடியோவிலும் விளம்பரத்திலும் முகத்தைப் பிடித்து இரண்டு படி வெளுக்கவைப்பது பழக்கமாகிவிட்டது. சருமத்தின் செறிவு போய், சாம்பல் பூசிய முகம் மிஞ்சுகிறது. கலையாகப் பார்த்தாலும் தொழிலாகப் பார்த்தாலும் அது பிழையான கிரேடிங்.

தொடங்குகிறவர்கள் கேமராவிலிருந்தே தொடங்க வேண்டும். முடிந்தால் 10 பிட்டில், பின்னால் திருத்த வசதியாகப் படத்தை வெளிறலாகப் பதியும் ‘லாக்’ முறையில் எடுக்கவேண்டும். 8 பிட்டில் நிறம் ஒன்றுக்கு 256 படிகள்தான். 10 பிட்டில் 1,024. மாலை வானத்தை இழுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் பட்டை பட்டையாகத் தெரியும். பிறகு வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் ஷாட்டுக்கு ஷாட் சமன்செய்துவிட்டு, அதற்கப்புறம்தான் ‘லுக்’. வெயிலில் வெளுத்துப்போன வானத்தை எந்த மென்பொருளும் மீட்டுத்தராது.

வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. வீடியோவுக்கு முன்பணம் கொடுக்கும்போதே எடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்: எங்கள் முகங்களை வெள்ளையாக்க வேண்டாம், இருக்கிற நிறத்தில் நன்றாகக் காட்டுங்கள்.