தனியே போகிறவர் வீட்டில் வைத்துச் செல்ல வேண்டிய தாள்

'கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை' என்று எழுதி ஒட்டிய மோட்டார் சைக்கிள்கள் தக்கலை வழியாகப் போவது இப்போது அதிசயமான காட்சியல்ல. வெளியூர்க்காரர்கள் மட்டுமல்லாமல், டி.என். 74, டி.என். 75 பதிவெண் கொண்ட நம் மாவட்ட வண்டிகளும் ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையே லடாக் போய்த் திரும்புகின்றன. கூட்டமாகப் போவோருக்கு இடையே, கூடாரத்தைப் பின்னிருக்கையில் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்புவோரும் உண்டு. அவர்களில் சிலருக்கு லே நகரமும் பாங்காங் ஏரியும் போதவில்லை. அதற்கும் அப்பால், தார்ச்சாலை மறைந்து மண்தடம் மட்டும் எஞ்சும் சாங்தாங் பீடபூமியில் சில இரவுகள் தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

புறப்படுவதற்கு முன்பான பேச்சு பெரும்பாலும் டயரையும் கூடாரத்தின் விலையையும் சுற்றியே நடக்கிறது. ஆனால், முதலில் விடை காண வேண்டிய கேள்வி வேறு. குறித்த நாளில் அவர் திரும்பவில்லை என்றால் அது யாருக்குத் தெரியவரும்? எவ்வளவு நேரத்தில்? தேடுகிறவர்கள் எந்த இடத்தில் தேடத் தொடங்குவார்கள்?

இக்கேள்விக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்பதை அங்குள்ள காற்றே விளக்கும். கடலோர மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த உடல் நம்முடையது. லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 4,300 மீட்டர் அளவில் உள்ள ஹான்லே கிராமத்தில் அது இன்னும் குறைகிறது. உலகின் உயரமான வாகனச் சாலை என்று 2021-இல் கின்னஸ் அங்கீகாரம் பெற்ற உம்லிங் லா கணவாயில் (5,798 மீட்டர்) கிட்டத்தட்டப் பாதிதான் எஞ்சுகிறது.

இதன் விளைவை மருத்துவ உலகம் விரிவாக அறிந்துகொண்டதில் இந்தியப் படைவீரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962 போரையொட்டிச் சமவெளியைச் சேர்ந்த வீரர்கள் உடல் பழகுவதற்கு அவகாசமின்றி இமயத்தின் உயரங்களுக்கு அவசரமாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். உயரத்தால் நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி மருத்துவர் இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய ஆய்வு, 1969-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி பெற்ற உடல்கள் அவை. கட்டுடல் இந்த நோயைத் தடுக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை என்று நோய் தொடங்கும். அப்போதே நின்றுவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். பொருட்படுத்தாமல் மேலே ஏறினால் இரண்டு வகையில் முற்றலாம். ஒன்றில் நுரையீரலில் நீர் கோக்கும். ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். மற்றொன்றில் மூளை வீங்கும். நடை தள்ளாடும், எண்ணம் குழம்பும். இரண்டாவது நிலையில் நோயாளி தனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லக்கூடும். அவர் நடையைப் பார்த்து உடனிருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தனியே போகிறவருக்கு அந்த உடனிருப்பவர் இல்லை. 2024 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளில் தனியாக லடாக் சென்ற 27 வயது வட இந்திய இளைஞர் ஒருவர், தலை வலிக்கிறது என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்ன சில நாட்களுக்குள் லேயில் உயிரிழந்தார்.

ஆகவே தனிப்பயணத்தின் வரைபடத்தைச் சாலைகளைக் கொண்டு வரையாமல், ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரத்தைக் கொண்டு வரைய வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் உறங்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. மணாலி வழியைத் தேர்ந்தெடுப்போர் இந்த விதியை மீறாமல் லே போய்ச் சேர்வது கடினம். 3,200 மீட்டர் அளவில் உள்ள ஜிஸ்பாவில் ஓர் இரவு, அடுத்த இரவு 4,290 மீட்டரில் சார்ச்சு என்பதே அங்கே வழக்கமான திட்டம். ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல். ஸ்ரீநகர் வழியில் சோஜி லாவைக் கடந்து, 2,676 மீட்டரில் உள்ள கார்கிலில் உறங்கி, பிறகு லேயை அடையலாம். தெற்கிலிருந்து போகிறவருக்கு இதுவே உகந்தது. விமானத்தில் போய் இறங்குவோர் குறைந்தது 48 மணி நேரம் எங்கும் அலையாமல் கிடக்க வேண்டும்.

லேக்கு அப்பால் சிந்து நதியே நல்ல வழிகாட்டி. நதியோரமாகவே போனால் உப்ஷி, சுமாதாங், மாஹே, நியோமா, பிறகு ஹான்லே எனத் தரை மெல்ல மெல்ல உயர்கிறது. சுமாதாங்கில் ஓர் இரவு, 4,180 மீட்டர் அளவில் உள்ள நியோமாவில் ஓர் இரவு தங்கிவிட்டு ஹான்லேயை அடைகிறவர் உடலுக்கு அநீதி செய்யவில்லை. ஆசை விடாவிட்டால் உம்லிங் லாவுக்குப் பகலில் ஏறி, இரவில் ஹான்லேக்கே திரும்பிவிட வேண்டும். அந்தக் கணவாயில் கூடாரம் அடிப்பது வீரமாகாது.

எரிபொருள் வெறும் கணக்குதான். லேயிலிருந்து 35 கி.மீ. தொலைவில் உள்ள காருவில் டேங்க்கை நிரப்பிக்கொள்வது வழக்கம். அதற்கு அப்பால் கிடைக்கக்கூடியதைத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. அங்கிருந்து ஹான்லே, உம்லிங் லா சென்று திரும்ப 600 கி.மீ. ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 25 கி.மீ. என்றால் 375 கி.மீ.யோடு வண்டி நின்றுவிடும். உயரத்தில் இயந்திரமும் மூச்சுத் திணறும் என்பதால் கூடுதலாகப் பன்னிரண்டு லிட்டராவது கையில் வேண்டும்.

சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4,300 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது. நம்மூர்ச் சம்பா அரிசி குக்கர் இல்லாமல் அங்கே வேகாது. அடுப்பின் எரிபொருள்தான் தீரும். அவலும் வெல்லமும் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

இனி தகவல் தொடர்பு. அமெரிக்காவின் ஓரிகன், நெவாடா பாலைகளில் தனியாகப் போகிறவர்களுக்கு எழுதப்பட்ட கையேடுகளைப் படித்தால், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவியைத் தவறாமல் எடுத்துச்செல்லச் சொல்லும். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அதை வைத்திருப்பதே குற்றம். விவரம் அறியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது என்று வாங்கிக்கொண்டு எல்லைப்புறம் போகும் இளைஞர் உதவிக்கு முன்பாக விசாரணையைத்தான் சந்திப்பார். சாதாரண கைபேசியின் கதையும் பலருக்குத் தெரியாது. பிற மாநிலங்களில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் ஊர்களை ஒட்டித்தான் கிடைக்கும்.

எஞ்சுவது ஒரு தாள். எந்த இரவு எந்த ஊர், அது முடியாவிட்டால் எந்த ஊர், வண்டி எண், கூடாரத்தின் நிறம், ரத்த வகை, ஒவ்வாத மருந்துகள், தங்கும் வீடுகளின் தொலைபேசி எண்கள், லே காவல் துறையின் எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரண்டு கெடுக்களும் வேண்டும். முதல் கெடுவுக்குள் அழைப்பு வராவிட்டால் தங்குமிடங்களை விசாரிக்க வேண்டும். இரண்டாவது கடந்தால் காவல் துறையை அழைக்க வேண்டும். ஒரு பிரதி லேயில் தங்கும் விடுதியில், ஒன்று ஊரில். ஊரில் யாரிடம் என்பதும் யோசிக்க வேண்டியதே. அம்மாவிடம் கொடுப்பதைவிட, பதற்றமின்றி இந்தியில் நான்கு வார்த்தை பேசக்கூடியவரிடம் கொடுப்பது பயன்தரும். லடாக்கில் பணியாற்றிய முன்னாள் படைவீரர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அதே தாளின் மறுபக்கத்தில் பயணி தனக்கான விதிகளையும் எழுதிக்கொள்ளலாம். தலைவலியோடு மேலே ஏறுவதில்லை. காலையும் மாலையும் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடந்து பார்ப்பது. தடுமாறினால் உடனே உதவி தேடிக் கீழே இறங்குவது. இவற்றைத் தக்கலையில் உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். மேலே போன பிறகு, முடிவெடுக்கும் மூளையே நோயாளியாக இருக்கலாம்.

அந்த நிலம் யாருமற்றது என்ற எண்ணமும் தவறு. சாங்பா மேய்ப்பர்கள் பஷ்மினா ஆடுகளோடு தலைமுறை தலைமுறையாக வாழும் மேய்ச்சல் நிலம் அது. காட்டுக்கழுதையும் கருங்கழுத்துக் கொக்கும் அங்கே உண்டு. மெல்லிய புல்தரையில் ஒருமுறை பதிந்த சக்கரத்தடம் எளிதில் அழியாது. பாங்காங் ஏரிக்குள் காரை இறக்கி ஓட்டிய காணொளி 2022-இல் பரவியபோது லடாக் மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. இருக்கும் தடத்திலேயே வண்டியை ஓட்டி, ஊராரைக் கேட்டுக் கூடாரம் அடிப்பதே முறை. வறண்ட ஓடைப்படுகை சமதளமாக அழைக்கும். அதற்கு இணங்கக் கூடாது. ஆண்டுக்கு 100 மி.மீ. அளவே மழை பெறும் லேயில், 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவையொட்டிப் பெய்த பெருமழையும் சேற்று வெள்ளமும் இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. பனி உருகி ஓடும் ஓடைகளையும் காலையிலேயே கடந்துவிட வேண்டும். பிற்பகலில் நீர் பெருகும்.

செயற்கைக்கோள் கருவிக்கான தடையின் காரணம் புரியாததல்ல. இரு நாடுகளின் எல்லையை ஒட்டிய நிலத்தில் பாதுகாப்புத் துறை எச்சரிக்கையாக இருக்கத்தான் செய்யும். ஆனால், இதற்கு ஒரு வழி உண்டு என்பதைக் குமரி மாவட்டம் அறியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை; அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற செய்தியும் கரைக்கு வரவில்லை. தூத்தூரும் சின்னத்துறையும் வள்ளவிளையும் நாட்கணக்கில் கரையில் காத்துக் கிடந்தன. அதன் பிறகு ஆழ்கடல் மீனவர்களுக்கு உரிய அனுமதியோடு செயற்கைக்கோள் தொலைபேசிகள் வழங்கப்பட்டன. மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய ஆபத்துக்கால எச்சரிக்கைக் கருவி 2010 முதலே பயன்பாட்டில் உள்ளது. அழைப்பு கிடைத்துவிட்டது என்று கடலில் இருப்பவருக்கே பதில் சொல்லும் மேம்பட்ட வடிவம் 2024-இல் அறிமுகமானது.

பேச்சுக்கு இடமின்றி, இருக்கும் இடத்தையும் ஆபத்தையும் மட்டும் நம் செயற்கைக்கோள் வழியே நம் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லும் கருவியால் பாதுகாப்புக்கு என்ன ஊறு வந்துவிடும்? லேயில் அனுமதியும் கட்டணமும் பெறும் அதே இடத்தில், அடையாள அட்டையைப் பதிந்துகொண்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு அதை வாடகைக்குத் தரலாம். திரும்பி வரும்போது பெற்றுக்கொள்ளலாம். வராத கருவியே ஒரு தகவலாகிவிடும். எந்தப் பயணி இன்னும் திரும்பவில்லை என்பதை நிர்வாகம் அன்று மாலையே அறிந்துகொள்ளும்.