கண்ணுக்கு எட்டாத திறமையின் விலை

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதற்காக 1998-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கூடின. 170 பெயர்கள் வாசிக்கப்பட்ட பின்னர், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணி 171-ஆவதாக ஒரு பெயரை அறிவித்தது: பாவெல் டாட்சுக். ரஷியாவின் யெகாடெரின்பர்க் நகரைச் சேர்ந்த அந்த இளைஞருக்கு அப்போது 20 வயது நிறையவிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் தகுதி இருந்தும் எந்த அணியும் அவரைத் தீண்டவில்லை. அவரே பின்னாளில் இரண்டு முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் ஆடினார். தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான விருதை மூன்று முறை பெற்றார். 2024-இல் ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

இங்கு நான் குறிப்பிடுவது நாம் நன்கறிந்த புல்தரை ஹாக்கியை அன்று. பனித்தளத்தில் சறுக்குக் காலணியுடன் ஆடப்படும் ஐஸ் ஹாக்கியை. அந்த ஆட்டத்தின் நுணுக்கங்களைப் பற்றி எழுதுவது என் நோக்கமில்லை. ஒரு திறமையின் மதிப்பு எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, அந்த மதிப்பு ஏன் அடிக்கடி பிழையாகிறது, அந்தப் பிழையால் யாருக்கு லாபம் என்ற கேள்விகளுக்கு, பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

முதலில் முறையைப் புரிந்துகொள்வோம். ஐபிஎல் கிரிக்கெட்டில் வீரர்கள் ஏலம் விடப்படுகிறார்கள். அதிக விலை கேட்கும் அணிக்கு வீரர் சொந்தம். தேசிய ஹாக்கி லீகில் ஏலம் கிடையாது. 'டிராஃப்ட்' எனப்படும் வரிசைமுறைத் தேர்வு 1963 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை. முதலிடங்களைக் குலுக்கல் முடிவு செய்கிறது. இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள், மொத்தம் 224 இடங்கள். செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறையும் வீரர் தேர்வுக்குத் தகுதி பெறுகிறார். தேர்ந்தெடுத்த அணியைத் தவிர வேறெந்த அணியுடனும் அவர் குறிப்பிட்ட காலம்வரை லீகில் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. தொடக்க ஒப்பந்தத்தின் ஊதியத்துக்கும் உச்சவரம்பு உண்டு.

ஆக, இங்கே விலை பணத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. ஓர் இடத்தை ஒருவருக்குச் செலவிட்டால், அதே இடத்தில் கிடைத்திருக்கக்கூடிய மற்றொருவரை இழக்கிறோம். பொருளாதாரம் 'வாய்ப்புச் செலவு' என்று சொல்வது இதைத்தான். முதல் சுற்று இடம் விலையுயர்ந்தது. ஆறாம் சுற்று இடம் ஏறத்தாழ இலவசம்.

இந்த இடங்களை எப்படிச் செலவிடுவது என்பதை முடிவு செய்ய ஒவ்வோர் அணியும் 'ஸ்கவுட்' எனப்படும் திறமை தேடுவோரை வைத்திருக்கிறது. ஐரோப்பாவுக்கெனத் தனியே சிலர் இருப்பார்கள். குளிர்காலம் முழுவதும் ஸ்வீடன், பின்லாந்து, செக் நாடு எனச் சிறுநகரப் பனித்தளங்களில் அமர்ந்து 16, 17 வயதுச் சிறுவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுப்பது அவர்கள் பணி. சறுக்கும் வேகம், பக் எனப்படும் ரப்பர் வட்டைக் கையாளும் லாவகம், அடுத்த நொடியில் நடக்கப்போவதை முன்னுணரும் அறிவு, தோற்கும்போதும் தளராத மனம் ஆகியவை அந்தக் குறிப்புகளில் இடம்பெறும். ஒருவர் பரிந்துரைத்த வீரரை இன்னொருவர் சென்று சரிபார்ப்பார். லீகின் மத்திய ஸ்கவுட் அமைப்பு வட அமெரிக்க வீரர்களுக்கும் பிற நாட்டு வீரர்களுக்கும் தனித்தனிப் பட்டியல் வெளியிடும். இறுதியில் அணி நிர்வாகம் தன் சொந்தப் பட்டியலைத் தயாரிக்கும்.

ஐரோப்பிய வீரரை மதிப்பிடுவதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கனடாவின் ஜூனியர் லீகில் ஆடும் சிறுவன் தன் வயதினருடன் ஆடுகிறான். கோல் கணக்கு குவிகிறது. ஸ்வீடனில் அதே வயதுத் திறமைசாலி பெரியவர்களின் அணியில் சேர்க்கப்பட்டு, ஆட்டத்துக்குச் சில நிமிடங்களே களமிறங்குவான். அவன் கணக்கு மெலிந்திருக்கும். ஐரோப்பாவின் மரபான பனித்தளம் 30 மீட்டர் அகலம். தேசிய ஹாக்கி லீகின் தளம் சுமார் 26 மீட்டர். அகன்ற தளத்தில் ஒளிரும் ஆட்டம் குறுகிய தளத்தின் மோதலில் நிலைக்குமா? இந்தக் கேள்விக்கு எண்கள் மட்டும் விடை சொல்வதில்லை.

விடை தெரியாத பொருளின் விலை குறையும். பழைய கார் சந்தையை முன்வைத்து ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை சொன்னதும் இதுதான்: தரத்தை அறிய முடியாத சந்தையில் நல்ல காருக்கும் நல்ல விலை கிடைக்காது. 1980-களில் ஐரோப்பிய வீரர்களின் நிலை அதுவாகவே இருந்தது. தொலைவு, பயணச் செலவு, 'உடல் வலுவற்றவர்கள், மோதலுக்கு அஞ்சுபவர்கள்' என்ற முன்முடிவு ஆகியவற்றோடு, சோவியத் வீரர்களைப் பொருத்தவரை அரசு அவர்களை வெளியே விடுமா என்ற ஐயமும் சேர்ந்துகொண்டது.

இந்தத் தள்ளுபடியைக் கண்டுகொண்ட அணிகளில் முதன்மையானது டெட்ராய்ட். 1989-ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்றாம் சுற்றில், 53-ஆவது இடத்தில், ஸ்வீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை எடுத்தது. நான்காம் சுற்றில், 74-ஆவதாக, சோவியத் வீரர் செர்கெய் ஃபெடரோவ். 11-ஆம் சுற்றில், 221-ஆவதாக, விளாடிமிர் கான்ஸ்டான்டினோவ். லிட்ஸ்ட்ரோம் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான விருதை ஏழு முறை வென்றார். ஃபெடரோவ் 1990-இல் அமெரிக்கா வந்திருந்த சோவியத் அணியைவிட்டு வெளியேறி டெட்ராய்ட் சேர்ந்தார். 1994-இல் லீகின் மதிப்புமிக்க வீரராகத் தேர்வானார்.

அதே 1989-இல் நிகழ்ந்த இன்னொன்று, தகவலின் மதிப்பை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. அன்றைய விதிப்படி 18 வயது ஐரோப்பியரை முதல் மூன்று சுற்றுகளுக்குப் பிறகு எடுக்க வேண்டுமெனில், அவர் தன் நாட்டின் உயர்நிலை ஆட்டங்களில் இரண்டு பருவங்களில் தலா 11 ஆட்டங்களாவது ஆடியிருக்க வேண்டும். மாஸ்கோவின் பாவெல் புரேயிடம் அந்தக் கணக்கு இல்லை என்று பல அணிகள் கருதின. வான்கூவர் அணி மட்டும் ஆறாம் சுற்றில், 113-ஆவதாக, அவரை அறிவித்தது. பிற அணிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தேர்வு செல்லாது என்று லீக் தீர்ப்பளித்தது. பின்னர், பட்டியலில் வராத ஆட்டங்களில் அவர் ஆடியதற்கான ஆவணம் கிடைத்ததும், 1990-இல் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. சில ஆட்டங்களின் பதிவேடு ஒன்று, லீகின் ஆகச்சிறந்த கோலடிப்பாளர்களில் ஒருவரை வான்கூவருக்குப் பெற்றுத் தந்தது.

டெட்ராய்டின் ஐரோப்பியத் தேடலுக்கு 1990 முதல் உழைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆண்டர்சன். 1994-இல் 257-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட தோமஸ் ஹோம்ஸ்ட்ரோம் நான்கு முறை ஸ்டான்லி கோப்பை வென்றார். டிமித்ரி கலினின் என்ற வேறொரு வீரரைப் பார்க்கச் சென்ற ஆட்டத்தில்தான் ஆண்டர்சன் கண்ணில் டாட்சுக் பட்டார். மட்டியாஸ் வைன்ஹாண்டில் என்பவரைப் பார்க்கச் சென்றபோது கவனத்தை ஈர்த்தவர் ஹென்ரிக் செட்டர்பெர்க். 1999-இல் 210-ஆவதாக எடுக்கப்பட்ட அவர், 2008 இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரரானார். அந்த ஆண்டு கோப்பையை உயர்த்திய தலைவர் லிட்ஸ்ட்ரோம். ஐரோப்பாவில் பிறந்து பயின்ற ஒருவர் தலைமையில் ஓர் அணி கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

இதைக் கேட்டதும் ஆண்டர்சனை ஞானதிருஷ்டி உடையவர் என்று புகழத் தோன்றும். நான் அவசரப்பட மாட்டேன். டாட்சுக் இவ்வளவு பெரிய வீரராவார் என்று டெட்ராய்ட் உறுதியாக நம்பியிருந்தால், 171-ஆவது இடம்வரை காத்திருந்திருக்குமா? அந்த ஆண்டு அதன் முதல் தேர்வு, 25-ஆவது இடத்தில், இர்ஷி ஃபிஷர். டாட்சுக்கின் முறை வருமுன் வேறு பலரையும் அந்த அணி எடுத்தது. அணிக்குத் தெரிந்திருந்தது அவர் எட்டப்போகும் உயரம் அன்று; பிறர் பார்க்காத இடத்தில் ஒரு சாத்தியம் இருக்கிறது என்பது மட்டுமே. பிந்தைய சுற்று இடமொன்றைக் கொடுத்து அந்தச் சாத்தியத்தின்மீது உரிமை பெற்றால், இழப்பு மிகச் சிறிது. வாய்த்தால் லாபம் மிகப் பெரிது. நிதிச் சந்தையில் 'ஆப்ஷன்' எனப்படும் விருப்ப உரிமையின் தர்க்கம் இது. ஐரோப்பிய வீரர்மீதான உரிமை கனடிய ஜூனியர் வீரர்மீதான உரிமையைவிட நீண்ட காலம் நீடித்ததால், அவரைச் சொந்த நாட்டிலேயே முதிரவிட்டுப் பின்னர் அழைத்துக்கொள்ளவும் முடிந்தது.

டெட்ராய்டின் வெற்றிக்கு இது மட்டுமே காரணமும் அன்று. 2005 வரை லீகில் ஊதிய உச்சவரம்பு இல்லை. செலவு செய்யத் தயங்காத உரிமையாளர் இருந்தார். ஃபெட்டிசோவ், லாரியானோவ் போன்ற சோவியத் மூத்தவர்கள் பரிமாற்றத்தின் வழியே வந்து சேர்ந்தவர்கள்.

தகவலால் கிடைக்கும் லாபம் நிலைப்பதும் இல்லை. பிறர் கண்டுகொண்டதும் தள்ளுபடி மறைகிறது. 1989-இலேயே மாட்ஸ் சுண்டின் முதலிடத்தில் தேர்வான முதல் ஐரோப்பியரானார். 2022-இல் முதல் இரண்டு இடங்களையும் ஸ்லோவாக்கியர் இருவர் பெற்றனர். இன்று எல்லா அணிகளிடமும் காணொலி இருக்கிறது, புள்ளிவிவர ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். 1991 முதல் 2016 வரை தொடர்ந்து 25 பருவங்கள் இறுதிச் சுற்றுகளுக்கு முன்னேறிய டெட்ராய்ட், அதன்பின் பல ஆண்டுகள் அந்த வாசலையே மிதிக்கவில்லை. ஆண்டர்சனின் பார்வை மங்கிவிடவில்லை. அவர் தனியே நின்று பார்த்த இடத்தில் இன்று 32 அணிகளும் நிற்கின்றன.

ஆனால், இருள் சூழும் இடத்தில் தள்ளுபடி மீண்டும் முளைக்கிறது. உக்ரைன் போருக்குப் பின், 2022 முதல், ரஷியா சர்வதேச ஐஸ் ஹாக்கிப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டிருக்கிறது. அதன் இளம் வீரர்களை உலகப் போட்டிகளில் காண வழியில்லை. 2023-இல், திறமையில் முதல் சிலருள் ஒருவராகக் கருதப்பட்ட மத்வேய் மிச்கோவ் ஏழாம் இடம்வரை இறங்கினார். 2026 வரை ரஷிய அணியுடன் அவருக்கு ஒப்பந்தம் இருந்ததும் ஒரு காரணம். பொறுமையுடன் அவரை எடுத்த ஃபிலடெல்ஃபியா, 2024-இலேயே அவரைப் பெற்றுக்கொண்டது.

இனி, நான் முக்கியமாகக் கருதும் கேள்வி: இந்த லாபம் யாருக்குப் போய்ச் சேருகிறது? பேஸ்பால் வீரர்களின் உழைப்புச் சந்தை குறித்து 1956-இல் எழுதிய சைமன் ராட்டன்பெர்க், வீரர்மீதான உரிமையை அணிக்குத் தருவதால் திறமை எங்கு போய்ச் சேரும் என்பது பெரிதாக மாறாது, அத்திறமையின் பலன் வீரரிடமிருந்து உரிமையாளருக்கு இடம்பெயரும் என்று வாதிட்டார். டிராஃப்டுக்கும் அது பொருந்தும். எந்த நகரில் வாழ்வது, எவரிடம் பணிபுரிவது என்பதை அந்த 18 வயது இளைஞர் தீர்மானிப்பதில்லை. தொடக்க ஆண்டுகளில் அவர் ஈட்டித் தரும் மதிப்புக்கும் பெறும் ஊதியத்துக்கும் இடையிலான உபரி அணிக்கே.

அவரை ஆறு வயதிலிருந்து வளர்த்த சிறுநகரக் கழகத்தின் பங்கு என்ன? கால்பந்தில், ஒரு வீரர் கட்டணத்துக்கு அணி மாறும்போது அதில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. திறமை உயர்ந்தால் வளர்த்தவர்களும் பயன்பெறுவர். ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளின் சங்கங்களோடு லீக் செய்துகொள்ளும் உடன்பாடுகளின்படி முன்பே பேசி முடித்த தொகை தரப்படுகிறது. ரஷியாவுடன் அத்தகைய உடன்பாடும் இல்லை. வளர்த்த கழகத்தின் வரவு வீரரின் பின்னாளைய வெற்றியோடு இணைக்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து. விதைத்தவனுக்கு விளைச்சலில் பங்கில்லையெனில் அடுத்த பருவத்துக்கு விதைப்பவர் யார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய தேர்வில் 224 இடங்களே இருக்கின்றன. ஹோம்ஸ்ட்ரோம் எடுக்கப்பட்ட 257-ஆவது இடம் என்று ஒன்றே இல்லை. கான்ஸ்டான்டினோவின் 221 விளிம்பில் தொங்குகிறது. பட்டியலைச் சுருக்கினால் நிர்வாகம் எளிதாகும். ஆனால் பட்டியலின் வாலில் இருப்பவர்கள் தகுதி குறைந்தவர்கள் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. தரவரிசை என்பது பார்ப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதன் அளவும்கூட. டாட்சுக்கை 171-ஆவதாக நிறுத்தியது அவருடைய ஆட்டம் அன்று. யெகாடெரின்பர்க் வரை சென்று பார்க்க ஆளில்லாமல் போனதுதான்.