துடிவிண்மீன்களின் காலக்கணக்கு

உதகைக்கு அருகே முத்தோரையில் ஒரு மலைச்சரிவு ஏறத்தாழ 11 பாகை சாய்ந்துள்ளது. அவ்விடத்தின் நிலநேர்க்கோட்டு அளவும் அதுவே. ஆதலால் அச்சரிவில் வடக்குத் தெற்காக அமைத்த கதிரலைத் தொலைநோக்கியின் அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாயிற்று. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அக்கருவியை அவ்வோர் அச்சில் மெல்லத் திருப்பினாலே ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். கோவிந்த் சுவரூப் வழிகாட்ட 1970இல் எழுந்த இக்கருவி செய்துள்ள அரும்பணிகளுள் ஒன்று, துடிவிண்மீன்களின் துடிப்புகளுக்கு நேரம் குறிப்பது.

பெருவிண்மீன் வெடித்தழிந்தபின் எஞ்சும் செறிந்த கருவே துடிவிண்மீன். கதிரவனை மிஞ்சும் பொருண்மை, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கிக் கிடக்கும். அது சுழலும்போது அதன் கதிரலைக் கற்றை கலங்கரை விளக்கின் ஒளிபோல் நம்மைத் தீண்டிச் செல்கிறது. 1967இல் ஜோசலின் பெல் கண்ட முதல் துடிவிண்மீன் 1.337 நொடிக்கு ஒருமுறை துடித்தது. ஜே1909-3744 என்னும் துடிவிண்மீனோ நொடிக்கு 339 முறை சுழல்கிறது.

அதன் ஒற்றைத் துடிப்பு இரைச்சலில் மூழ்கிவிடும். அரைமணி நேரத்தில் வரும் ஆறு இலட்சம் துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அதன் வடிவம் தெளிவாகும். அவ்வடிவம் வந்து சேர்ந்த நேரத்தை அணுக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குறிக்கின்றனர். புவி கதிரவனைச் சுற்றுவதால் அந்நேரம் எட்டு நிமிடம் வரை முந்தும், பிந்தும். அதையும் கழிக்க வேண்டும். ஓராண்டில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட சுழற்சிகள் நிகழ்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் எண்ணிக்கையில் விடுபடலாகாது.

வழியிலும் இடையூறு உண்டு. விண்மீன்களுக்கு இடையே பரவிய எதிர்மின்னிகள் கதிரலையைத் தாமதப்படுத்துகின்றன. அலைவெண் பாதியானால் தாமதம் நான்கு மடங்காகும். 1,400 மெகாஹெர்ட்சில் வரும் துடிப்புக்கும் உதகைக் கருவி கேட்கும் 330 மெகாஹெர்ட்சுக்கு அருகே வரும் அதே துடிப்புக்கும் இடையே ஜே1909-3744 நூறு முறைக்கு மேல் சுழன்றுவிடுகிறது. இத்தாமதம் நாளுக்கு நாள் மாறுவது. தாழ்ந்த அலைவெண்ணில் அது பெரிதாகத் தெரிவதால், அதைத் திருத்தமாக அளக்க உதகையும் புனேக்கு அருகே கோடாட்டில் 30 அலைவாங்கிகளுடன் நிற்கும் பெருந்தொலைநோக்கியும் பெரிதும் உதவுகின்றன.

இத்தனை நுட்பமும் எதற்கு? பெருங்கருந்துளை இணைகள் எழுப்பும் ஈர்ப்பலைகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே முகடு காட்டுபவை. அவை கடக்கும்போது துடிப்புகள் நுண்ணளவு முந்தும் அல்லது பிந்தும். அந்த அசைவு எல்லாத் துடிவிண்மீன்களுக்கும் பொதுவானது. இரு துடிவிண்மீன்களுக்கு இடைப்பட்ட கோணத்தைப் பொறுத்து அவற்றின் ஒத்திசைவு மாறும். 1983இல் ஹெலிங்சும் டவுன்சும் அவ்வாறு கணித்தனர். 2023 சூனில் ஐரோப்பிய, இந்தியக் குழுக்கள் 25 துடிவிண்மீன்களை ஏறத்தாழ 25 ஆண்டுகள் வரை நோக்கிய தரவிலிருந்து அதற்குச் சான்று வெளியிட்டன. அமெரிக்க, ஆத்திரேலிய, சீனக் குழுக்களும் அதே நாளில் தம் முடிவுகளை அறிவித்தன.

அலையின் நீளமே ஆண்டுக்கணக்கில் இருக்கையில், அளக்கும் கோலும் ஆண்டுகளாகவே இருந்தாக வேண்டும். பொருள் இருந்தால் பெரிய கருவியை எழுப்பலாம். கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் பதிவை எப்பொருள் கொடுத்தும் இன்று உண்டாக்க இயலாது. குறிக்காமல் விட்ட துடிப்பு திரும்ப வராது. எனவே பழைய தொலைநோக்கிகளை ஓயவிடாது பேணுதல் அறிவியலுக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை.