தாழ்த்திய கார் ஏன் குதிக்கிறது?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும் கார்கள் வரிசைகட்டும். அதில் ஒரு ஸ்விஃப்ட் மட்டும் தரையோடு ஒட்டினாற்போல் வருகிறதென்று வையுங்கள். பார்க்க அம்சம்தான். வேகத்தடையில் மட்டும் ஏன் அப்படித் துள்ளுகிறது?

வீட்டில் கட்டும் தொட்டில் ஸ்பிரிங்கை நினைத்துப் பாருங்கள். கைக்குழந்தைக்குப் பதமாக ஆடுவது, இரண்டு வயதுப் பிள்ளை ஏறினால் தரையைத் தட்டும். ஒன்று, கயிற்றை ஏற்றிக் கட்ட வேண்டும். இல்லையேல் கடினமான ஸ்பிரிங் போட வேண்டும்.

காரைத் தாழ்த்திவிட்டால் ஏற்றிக் கட்ட வழியில்லை. அமுங்குவதற்கு இடம் குறைந்துவிட்டதால், குட்டை ஸ்பிரிங் கடினமாகவும் இருந்தாக வேண்டும். கடினமான ஸ்பிரிங் வெடுக்கென்று எகிறும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. பழைய ஸ்பிரிங்குக்கு அளவாகச் செய்த ஷாக்கால் இதை அடக்க முடியாது. அதுதான் துள்ளல்!

சிலர் இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். அது வெறும் விபரீதம். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, நீளம் போதாத ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிவிடலாம்.

புது ஸ்பிரிங் வாங்கும்போது மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. டீசல் இன்ஜின் கனம் அதிகம்; பெட்ரோல் வண்டியின் முன் ஸ்பிரிங் அதற்கு ஒத்துவராது. தயாரிப்பு ஆண்டையும் பாருங்கள்.

கணக்கையும் போடுங்கள். ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. இந்தியச் சாலை காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை உயரம் 100 மி.மீ. 40 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 23. நாலு பேர் ஏறினால் அதுவும் குறையும். நம் ஊர் வேகத்தடைகள் அந்த 100-க்குக் கட்டுப்பட்டா இருக்கின்றன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. காசு கொடுக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.